நாவல் வழியே சொல் கற்பித்தல்: மதுரையை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் 2018இல் புதிதாக எழுதப்பட்டபோது, பதினோராம் வகுப்புத் தமிழில் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' துணைப்பாடமாகச் சேர்ந்தது. மறு ஆண்டு பத்தாம் வகுப்பு நூலில் கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' விரிவானமாக வந்தது. 'வாடிவாசல்' பாடமாவதற்கு முந்தைய ஆண்டு, 2017 சனவரியில்தான், அலங்காநல்லூரிலும் மதுரைத் தமுக்கத்திலும் ஜல்லிக்கட்டு கேட்டு மாணவர்கள் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். மதுரை வட்டாரப் பிள்ளைகளுக்கு, ஜல்லிக்கட்டுக் கதையான 'வாடிவாச'லைவிடப் பொருத்தமான நாவலைத் தேடினாலும் கிடைத்திருக்காது. ஆனால் பாடநூலுக்குள் வந்தது நாவல் இல்லை, நாவலிலிருந்து எடுத்த சில பக்கங்கள். ஆசிரியர் அதை ஒரு வாரத்தில் நடத்தி முடிக்கிறார். பிறகு கதைச்சுருக்கம் ஒரு நெடுவினாவாகக் கைடுக்குள் போய்விடுகிறது.

நாவலைக் கொண்டு மாணவர்களுக்குச் சொல் கற்பிக்க முடியுமா, முடியும் என்றால் நாவலின் எந்தக் குணம் அதைச் செய்கிறது என்பதே இங்கே கேள்வி. நாவலின் நீளம்தான் அதைச் செய்கிறது என்பது என் முடிவு. ஒரே சொல் வேறு வேறு ஆள் வாயில், வேறு வேறு நெருக்கடியில் திரும்பத் திரும்ப வர நாவலில் இடமிருக்கிறது. நாம் நாவலைப் பாடமாக்கும்போது முதலில் வெட்டுவது அந்த இடத்தைத்தான்.

தமிழில் சொல் கற்பித்தலுக்கு நாவலைவிட மிகப் பழைய கருவி நிகண்டு. திண்ணைப் பள்ளிகளில் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தவர்கள் தெய்வப் பெயர்த் தொகுதி, மக்கட்பெயர்த் தொகுதி, விலங்கின் பெயர்த் தொகுதி என்று இனம் பிரித்த சொற்களைச் செய்யுளாகவே நாவில் வைத்திருந்தார்கள். இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. யானைக்கு இருபது முப்பது பெயர் தெரிந்த பையனுக்குப் பழைய இலக்கியம் பாதி திறந்துவிடும். ஆனால் அந்தப் பெயர்களில் எதை எந்த நேரத்தில் யார் சொல்வார்கள் என்பது நிகண்டுக்குள் இல்லை. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி சொற்களை அகரவரிசைக்குக் கொண்டுவந்தது. தேடுவது எளிதாயிற்று, சூழல் மட்டும் அப்போதும் வரவில்லை.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சானது. அதற்கடுத்துப் பெரிதும் பேசப்பட்ட தமிழ் நாவலைத் தந்தது மதுரைச் சீமை. வத்தலக்குண்டுக்காரரான பி.ஆர். ராஜமையர் 'கமலாம்பாள் சரித்திர'த்தை 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக எழுதினார். அதில் வரும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை ஒரு தமிழ் வாத்தியார், பண்டிதத் தமிழைப் பொழிந்து சிரிப்பு மூட்டுகிறவர். சொல் நிறையத் தெரிந்தும் அதைப் பேச்சில் எங்கே வைப்பது என்று தெரியாத மனிதர். தமிழ் நாவல் பிறந்த கையோடு நிகண்டுப் படிப்பைப் பார்த்து இப்படிச் சிரித்திருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். (செல்லப்பா வளர்ந்ததும் அதே வத்தலக்குண்டில். பி.எஸ். ராமையாவும் அந்த ஊர்தான். அன்று மதுரை மாவட்டம், 1985க்குப் பிறகு திண்டுக்கல். மாவட்டப் பெருமை பேசுகிறவர்கள் பங்கு பிரித்துக்கொள்ளலாம்.)

சொற்களைச் சேகரிப்பதில் மதுரைக்குத் தனி மரபே உண்டு. பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் 1910இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி'யை வெளியிட்டது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முதல் பதிப்பாசிரியர் ஜே.எஸ். சாண்ட்லர், அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர். அகராதிக்கு இத்தனை செய்த ஊரில் நாவல் வகுப்பறைக்குள் நுழைந்தது பெரும்பாலும் ஆங்கிலத்தின் கைபிடித்துத்தான்.

அந்த நுழைவுக்கு நம் ஊரில் 'நான்-டீடெயில்' என்று பெயர். வரிவரியாகப் பொருள் சொல்லாமல் கதையாக ஓட்டிச் செல்ல வேண்டிய பாடம் என்பது அதன் நோக்கம். இதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியராகவும் கல்வி அதிகாரியாகவும் இருந்த அவர், வங்காளப் பையன்களுக்கு முதலில் வேண்டியது ஆங்கிலத்தை வாசிக்கும் திறமை என்றார். அன்றைய வாசிப்பு நூல்களில் பக்கத்துக்குப் பக்கம் புதுச்சொற்கள் குவிந்திருந்ததையும், வந்த சொல் மீண்டும் வராமலே போனதையும் பார்த்தார். புதுச்சொல்லைக் குறைத்து, வந்த சொல்லைப் பலமுறை திரும்ப வரச்செய்து நூல்களை எழுதினார். இருமொழிக் கல்வி பற்றிய அவருடைய நூல் 1926இல் வந்தது. ஏறத்தாழ 2000 ஆங்கிலச் சொற்களைக் கொண்ட அவருடைய பொதுச் சொற்பட்டியல் 1953இல் வந்தது. புகழ்பெற்ற நாவல்களைச் சுருக்கி எழுதிய பள்ளிப் பதிப்புகள் இந்தியா எங்கும் பரவ இந்தச் சிந்தனை வழிசெய்தது. டிக்கன்சையும் ஸ்டீவன்சனையும் நம் தாத்தாக்கள் பலர் சந்தித்தது இந்த மெலிந்த உருவத்தில்தான்.

வெஸ்ட் வலியுறுத்திய மறுவரவை நம் வகுப்பறை எடுத்துக்கொள்ளவில்லை, சுருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. சுருக்கிய நாவலுக்கு நோட்ஸ் வந்தது. நோட்ஸின் சுருக்கத்துக்கு வினா-விடை வந்தது.

பிற்காலத்தில் நடந்த மூன்று ஆய்வுகள் இந்த விவகாரத்தை நன்றாகத் தெளிவாக்குகின்றன. முதலாவது 1978இல் வெளிவந்தது. ஆந்தனி பர்ஜெஸின் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலில் (1962) இளைஞர்கள் பேசும் கற்பனைக் கொச்சை ஒன்று உண்டு. பெரும்பாலும் ரஷ்யச் சொற்களிலிருந்து உருவாக்கப்பட்ட 241 சொற்கள் அதில் இருக்கின்றன, சராசரியாக ஒரு சொல் 15 முறை வருகிறது. சராகி, நேஷன், மீஸ்டர் ஆகிய மூவரும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்களிடம் சொற்பட்டியல் இல்லாத பதிப்பைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். சொல் பற்றித் தேர்வு வரும் என்று சொல்லவில்லை. முடித்த பிறகு 90 சொற்களைக் கேட்டபோது சராசரியாக 76 விழுக்காடு சரியாக வந்தது. ஒரு வரி அருஞ்சொற்பொருள் இல்லாமல்!

இந்த எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு 'வாசித்தால் போதும், சொல் தானே வரும்' என்று கிளம்பியவர்கள் உண்டு. அவர்களை நிறுத்தியது 1998இல் வந்த இன்னொரு ஆய்வு. ஓமானில் பல்கலைக்கழக மாணவர்கள் 34 பேர், தாமஸ் ஹார்டியின் 'மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்' நாவலின் எளிமைப்படுத்திய பதிப்பை முழுதாக வாசித்தார்கள். ஆசிரியர் வாய்விட்டு வாசிக்க, அவர்கள் புத்தகத்தில் கண்ணோட்டிக்கொண்டே வந்தார்கள். புதிதாகக் கற்றிருக்கக்கூடிய சொற்களில் அவர்களிடம் தங்கியது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான், அதாவது ஆளுக்கு ஐந்து சொல் போல. 2003இல் ஜப்பானிய மாணவியரிடம் வாரிங், தகாகி இருவரும் செய்த ஆய்வு இன்னும் கடுமையானது. ஒரு சிறு நாவலில் 25 சொற்களை வைத்துப் பார்த்ததில், மூன்று மாதம் கழித்து உதவி இல்லாமல் பொருள் சொல்ல முடிந்தது சராசரியாக ஒரு சொல்லுக்குத்தான்.

முதல் ஆய்வில் 76 விழுக்காடு, இரண்டாவதில் 22. இந்த வேறுபாட்டில்தான் நம் வகுப்பறைக்கான செய்தி முழுவதும் அடங்கியிருக்கிறது. முதல் கூட்டத்துக்கு மொழி தெரியும், சில சொற்கள் மட்டும் தெரியாது. அந்தச் சொற்களைச் சுற்றியிருந்த மற்றவை எல்லாம் வெளிச்சமாக இருந்தன. இரண்டாவது கூட்டத்துக்குச் சுற்றியிருந்ததே மங்கல். நேஷன் 2006இல் கணக்கிட்டது போல, ஆங்கில நாவல் ஒன்றைத் துணையில்லாமல் வாசிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும், பக்கத்தில் 98 விழுக்காடு சொற்கள் பழகியவையாக இருக்க வேண்டும். மேலூரிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ பஸ் ஏறி வந்து ஆங்கிலப் பட்டப்படிப்பில் சேரும் மாணவியிடம் முதல் பருவத்திலேயே முழு டிக்கன்சைக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று தெரியவில்லை.

ஆக, தமிழ் நாவலை வாசிக்கும் மதுரை மாணவர் முதல் கூட்டத்தைச் சேர்ந்தவர், ஆங்கில நாவலை வாசிக்கும் அதே மாணவர் இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவர். அடுத்தடுத்த பாடவேளையில் ஒரே பெஞ்சில் இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே முறை ஒத்துவராது. ஆங்கில வகுப்பில் சொல்லைத் தனியே எடுத்துப் பயிற்சி கொடுத்தே ஆகவேண்டும். தமிழ் வகுப்பில் அதைக் குறைத்துக்கொண்டு வாசிப்பை நீட்டலாம். இன்று நடப்பது தலைகீழ். தமிழில் 'சொல்லும் பொருளும்' பட்டியல் நீள்கிறது, ஆங்கிலத்தில் கதைச்சுருக்கம் தமிழிலேயே சொல்லப்பட்டு முடிந்துவிடுகிறது.

தமிழ் மாணவருக்கு மொழி தெரியும் என்று சொன்னதில் ஒரு சிக்கல் உண்டு. எந்தத் தமிழ்? எழுத்துக்கும் பேச்சுக்கும் இவ்வளவு தூரம் வைத்திருக்கும் மொழி நம்முடையது. 'அங்கிட்டு', 'இங்கிட்டு', 'வெள்ளன', 'வந்தாய்ங்க' என்று பேசி வளர்ந்த பிள்ளை, பள்ளியில் இவையெல்லாம் கொச்சை என்று கற்கிறது. மதுரைக்குள் சௌராஷ்டிரமோ தெலுங்கோ உருதுவோ வீட்டுமொழியாக உள்ள தெருக்கள் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெருத் தமிழ் அத்துப்படி, ஆனால் மாட்டுத் தொழுவத்துச் சொல்லோ வயல் சொல்லோ காதில் விழுந்திருக்காது. அதனால் ஒரு நாவலில் தெரியாத சொல் என்று நாம் ஒரே கூடையில் போடுவதில் குறைந்தது மூன்று வகை இருக்கிறது. காதுக்குத் தெரிந்து கண்ணுக்குத் தெரியாத சொல் ஒன்று. வாய்விட்டு வாசித்ததும் அது விளங்கிவிடும், அதற்கு விளக்கம் கொடுப்பது நேர விரயம். கண்ணுக்குத் தெரிந்த சொல்லே வேறு பொருளில் வருவது இன்னொன்று. மாணவர் தெரிந்ததாகவே நினைத்துத் தாண்டிவிடுவதால் ஏமாற்றுவது இதுதான். மூன்றாவது வகையில் பொருளே வாழ்க்கையில் இல்லை. அதற்குச் சொல் விளக்கம் எவ்வளவு கொடுத்தாலும் போதாது, படமோ நேரில் பார்ப்பதோ வேண்டும்.

'வாடிவாசல்' இந்த மூன்றுக்கும் கையடக்கமான உதாரணம். 1959இல் வந்த அந்தக் குறுநாவல் நூறு பக்கம்கூட வராது. கதை ஒரே மதியத்தில் தொடங்கி இருட்டுவதற்குள் முடிகிறது. காரிக்காளையால் தந்தை அம்புலியை இழந்த பிச்சி, மைத்துனன் மருதனோடு செல்லாயி ஜல்லிக்கட்டுக்கு வந்து நிற்கிறான். கூட்டத்தில் ஓர் உள்ளூர்க் கிழவனார் அவர்களோடு பேச்சுக் கொடுக்கிறார். எந்த மாடு யாருடையது, எது எப்படிப் பாயும், எவன் கைகாரன் என்று அவர் பேச்சு நீள்கிறது. ஆசிரியர் செய்ய வேண்டிய விளக்கத்தைக் கதைக்குள்ளேயே ஒருவர் செய்துவிடுகிறார். காரி, செவலை, மயிலை என்ற நிறப்பெயர்களும் திமிலும் திட்டிவாசலும் இப்படித்தான் வருகின்றன. தெரிந்துகொண்டே ஆகவேண்டிய ஒருவனுக்குத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார், தவறாகக் கேட்டுக்கொண்டால் குடல் சரியும். பாடநூலின் அருஞ்சொற்பொருள் கட்டத்தால் இந்த அவசரத்தைத் தர முடியாது.

அந்த நாவலின் மையச் செயலையே எடுத்துக்கொள்வோம். மாடு 'அணைகிறவன்' என்கிறார் செல்லப்பா. விளக்கு அணைவதும் குழந்தையை அணைப்பதும் தெரிந்த மாணவருக்கு இது இரண்டாம் வகைச் சொல். முதல்முறை வரும்போது நெருடும், நான்காம் முறை வரும்போது திமிலைக் கட்டிப்பிடித்துத் தொங்கும் ஆள் கண்ணில் தெரிந்துவிடுவான். கலித்தொகைப் பாடத்தில் 'ஏறு தழுவுதல்' படித்திருப்பார்கள், வாடிவாசலுக்கு வெளியே ஒலிபெருக்கியில் 'மாடுபிடி வீரர்' என்று கேட்டிருப்பார்கள். ஒரே செயலுக்கு மூன்று காலத்துச் சொற்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் இப்போது 'பிடித்தல்' என்று ஆயிற்று என்று கேட்டால் ஒரு பாடவேளை போதாது. பாலமேட்டுப் பையன் ஒருவன் வகுப்பில் இருந்தால் ஆசிரியர் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம்.

முழு நாவலையும் வகுப்பில் வாசிக்க நேரம் ஏது என்பார்கள். வாய்விட்டு வாசித்தால் இந்த நாவலுக்கு ஏழெட்டுப் பாடவேளை போதும். சுருக்கத்தை நடத்தி, வினா எழுதிப்போட்டு, திருத்தி முடிக்க ஆகும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். செய்முறையில் சில விஷயங்களைக் கவனித்தால் போதும். சொல் முதல்முறை வரும்போது நிறுத்தக் கூடாது, ஓட்டம் கெடும். மூன்றாம் முறை வரும்போது நிறுத்தி, இதுவரை என்ன புரிந்தது என்று கேட்க வேண்டும். மாணவர் எழுதும் சொற்குறிப்பில் பொருளுக்கு முன்னால் அந்தச் சொல்லை யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னார் என்பது இருக்க வேண்டும். ஜப்பான் ஆய்வு காட்டிய மறதிக்கு மருந்தாக, ஒரு மாதம் கழித்து அதே சொற்களை வேறொரு நிகழ்ச்சியை எழுத வைத்துத் திரும்ப அழைக்க வேண்டும். ஊர்த் தேர் நிலைக்கு வந்ததை, பெரியார் பஸ் நிலையத்து நெரிசலை, எதையாவது.

ஆங்கில வகுப்புக்கும் இதே நாவல் உதவும். என். கல்யாணராமன் மொழிபெயர்ப்பில் 'வாடிவாசல்' 2013இல் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் முழுதாக வாசித்த பிறகு அதை எடுத்தால், மாணவருக்குக் கதை தெரியும், இடம் தெரியும், மாடு தெரியும். புதிதாக இருப்பது ஆங்கிலச் சொல் மட்டுமே. ஓமான் மாணவரின் மங்கல் பெருமளவு விலகிவிடும். ஆர்.கே. நாராயணின் 'சுவாமியும் நண்பர்களும்' (1935) ஆங்கில மூலமும் இதே காரணத்தால் நல்ல தேர்வு. அமெரிக்கன் கல்லூரியில், இந்திய ஆங்கில எழுத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் என்றே 'சைலெட்' என்ற ஆய்வு நூலகம் இயங்கிவந்திருக்கிறது. இந்த ஊரில் நூலுக்குப் பஞ்சமில்லை. 2023இல் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறந்தாகிவிட்டது.

மற்ற நாவல்கள்? சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' (2008, சாகித்திய அகாதெமி விருது 2011) மதுரைச் சொற்களின் பெருங்கிடங்கு. காவல், களவு, துப்புக்கூலி, கன்னம் வைத்தல் என்று தொடங்கினால் முடிவில்லை. கோட்டை இடிபட்ட கதையை வாசித்த பிறகு வெளிவீதிகளில் நடப்பதே வேறாக இருக்கும். ஆனால் ஆயிரம் பக்கம் தாண்டும் நூலைப் பள்ளி வகுப்பு தாங்காது. கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க அதற்கே கொடுக்கலாம். கொடுக்கும் ஆசிரியர் 'குற்றப் பரம்பரை' என்ற சொல்லின் பாரத்தையும் சுமக்கத் தயாராக இருக்க வேண்டும். 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்தது, கைரேகைச் சட்டம் என்று ஊரார் சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்தவர்கள்மீது. உசிலம்பட்டிப் பக்கத்து வீடுகளில் அந்தச் சொல் இன்னும் வெறும் பாடநூல் சொல்லாக ஆகிவிடவில்லை. ஜி. நாகராஜன் மதுரை டுடோரியல் கல்லூரிகளில் கணக்கு நடத்தியவர். அவருடைய 'நாளை மற்றுமொரு நாளே' (1974) நகரத்து அடிமட்டப் பேச்சை மிகச் சிக்கனமாகப் பிடித்த நூல். பள்ளிக்குக் கொண்டுபோக எந்தத் தலைமையாசிரியரும் சம்மதிக்கப் போவதில்லை, அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

சோ. தர்மனின் 'சூல்' (சாகித்திய அகாதெமி விருது 2019) கோவில்பட்டிப் பக்கத்துக் கதைதான். ஆனாலும் கண்மாய், மடை, கலிங்கு, குடிமராமத்து என அதில் வரும் நீர்ச்சொற்கள் வைகைப் பாசனத்துக்கும் உரியவை. மூன்றாம் வகைச் சொல்லுக்கு, அதாவது பொருளே கண்ணிலிருந்து மறைந்துபோன சொல்லுக்கு, இதைவிட நல்ல நூல் இல்லை. வண்டியூர்க் கண்மாய்க் கரையில் நின்றுகொண்டு மடை எது, கலிங்கு எது என்று தேடவைத்தால் பாதி வகுப்பு திகைக்கும். பெயரிலேயே ஏரி உள்ள உலகனேரியில் இப்போது இருப்பது உயர் நீதிமன்றக் கிளை. 'பொன்னியின் செல்வ'னும் 'வேள்பாரி'யும் இளைஞர்களைத் தாமாகவே இழுப்பவை. அவற்றுக்கு வகுப்பறையின் தயவு வேண்டியதில்லை, ஆசிரியர் தொடாமல் விடுவதே நல்லது.

நாவலும் அகராதியும் சேர்ந்த ஒரு முயற்சிக்குக் கி. ராஜநாராயணனே முன்னோடி. 'கோபல்ல கிராமம்' (1976) எழுதிய கையால் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார். பெருமாள்முருகன் கொங்குக்கும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் அதைச் செய்தார்கள். மூவரும் நாவலாசிரியர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வட்டார நாவலை வாசிக்கும் வகுப்பு தனக்கென ஒரு சிறு அகராதி தொகுத்துக்கொள்ள இவை நல்ல மாதிரிகள். வகுப்பு மேசையில் வைக்கவேண்டியது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (1992, விரிவாக்கிய பதிப்புகள் 2008, 2020). அது பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியம் தருகிறது, பேச்சு வழக்கு எது, அருகிவரும் வழக்கு எது என்று குறித்தும் காட்டுகிறது. அதில் இல்லாத சொல்லை நாவலில் கண்டுபிடிக்கும் மாணவருக்குக் கொஞ்சம் கர்வம் வந்தால் வரட்டும்.

இத்தனைக்கும் குறுக்கே நிற்பது வினாத்தாள். 'பொருத்துக' என்ற ஒரு மதிப்பெண் வினா இருக்கும்வரை ஆசிரியர் பட்டியலைத்தான் நடத்துவார், நடத்தாவிட்டால் பெற்றோரே கேட்பார்கள். வினாவை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். நாவலிலிருந்து ஐந்து சொற்களைக் கொடுத்து, அவற்றில் மூன்றையாவது பயன்படுத்தித் தன் ஊரில் நடந்த ஒன்றைப் பத்து வரியில் எழுதச் சொல்வது. இதற்குக் கைடு போட முடியாது. திருத்துகிறவருக்கு வேலை கூடும், மதிப்பெண்ணில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும், மறுகூட்டல் கேட்டு விண்ணப்பங்கள் குவியும். அரசுப் பொதுத்தேர்வில் இதைத் தொடங்குவது அதனால் கடினம். பள்ளி அளவிலான பருவத் தேர்வுகளில் தொடங்குவதற்குத் தடை ஒன்றும் இல்லை. அதற்கு முதலில் பள்ளி நூலகத்தில் 'வாடிவாசல்' பெஞ்சுக்கு ஒரு பிரதியாவது இருக்க வேண்டும்.